நஞ்சு இறங்கிய பிறகு

சித்திரை மாத மத்தியானத்தில் கோவளம் கரையில் செருப்பில்லாமல் பத்தடி நடக்க முடியாது. அந்த வெயிலில் அத்தை, கட்டவிழ்த்துக் காயப் போட்டிருக்கும் கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்திருப்பாள். தோளைச் சுற்றி ஒரு பழுப்புக் கம்பளி. பக்கத்தில் மாமா வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருப்பார். அவர் முதுகில் வேர்வை கோடு கோடாக ஓடும். பள்ளி விடுமுறைக்குப் போயிருக்கும் நான், “ஏன் அத்த, இந்த வெயில்ல கம்பளி?” என்று கேட்பேன். எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்.

“குளுருதுடா கண்ணு.”

அது 1985 வாக்கில். அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். பார்வைக்கு ஐம்பது சொல்லலாம். முகம் வெளிறி, லேசாக ஊதி, புருவம் உதிர்ந்து போயிருந்தது. கரையிலிருந்து வீட்டுக்கு இருநூறு அடி தூரம். நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குவாள். மற்ற பெண்கள் படகு வந்ததும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏலத்துக்கு ஓடும்போது, அத்தை உட்கார்ந்த இடத்திலேயே இருப்பாள். சோம்பேறி என்று ஊரில் பேர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதை இப்போது எழுதும்போது நெஞ்சு வலிக்கிறது.

கதை அதற்கு ஆறு வருஷம் முன்னால் தொடங்குகிறது. 1979. மூன்றாவது பிரசவம். முதல் இரண்டைப் போல இதையும் மருத்துவச்சிதான் வீட்டில் பார்த்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. நஞ்சு இறங்கவில்லை. ஒரு மணி, இரண்டு மணி என்று காத்திருந்தார்கள். பிறகு கொட்டத் தொடங்கிய உதிரம் நிற்கவில்லை. பாயை மாற்றினார்கள், சேலையை மாற்றினார்கள். அப்போது ஊரில் இருந்து அவசரத்துக்குப் போக வண்டி ஏது? கேளம்பாக்கம் உப்பளத்துக்கு வந்த லாரி ஒன்றைக் கெஞ்சி, உப்பு மூட்டைகளுக்கு நடுவில் அவளைக் கிடத்தித் திருப்போரூர் வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேரும்போது நினைவில்லை. நஞ்சை எடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள், பிழைத்தாள். மறுபிறவி என்று எல்லோரும் சொன்னார்கள். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது திருஷ்டி சுற்றிப் போட்டார்கள்.

பிழைத்தவள் பாதிதான் திரும்பி வந்தாள். மார்பில் ஒரு சொட்டுப் பால் சுரக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் முறை வைத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். அதன் பிறகு மாதவிலக்கு வரவே இல்லை. அக்குளில் முடி உதிர்ந்தது. தலை சுற்றல், பசியின்மை, எந்நேரமும் தூக்கம், எந்நேரமும் குளிர். வியாழக்கிழமைதோறும் தர்காவுக்கு அழைத்துப் போனார்கள். மந்திரித்த தாயத்து கட்டினார்கள். ரத்தம் குறைவு என்று டானிக் வாங்கிக் கொடுத்தார்கள். அவரவருக்குத் தெரிந்ததை அவரவர் செய்தார்கள். யார் மேலும் எனக்குக் குறையில்லை.

யாருக்கும் தெரியாமல் போன விஷயம் அவள் மூக்கின் வேருக்குப் பின்னால், மூளைக்கு அடியில் இருந்தது. பட்டாணி அளவு, அரை கிராம் எடை, பிட்யூட்டரி சுரப்பி. கர்ப்ப காலத்தில் இந்தச் சுரப்பி பருத்துக்கொள்ளும். பிறக்கப் போகும் பிள்ளைக்குப் பால் வேண்டுமே, அதற்கான ஆயத்தம். ஆனால் அதன் முன்பகுதிக்கு ரத்தம் வருவது பெரும்பாலும் அழுத்தம் குறைந்த மெல்லிய சிரைகள் வழியாகத்தான். பருத்த சுரப்பி, மெலிந்த வாய்க்கால். உடம்பில் ரத்தம் வற்றி பிரஷர் விழுந்தால் முதலில் காய்ந்து போவது அந்த வயல்தான். இதை 1937-ல் கிளாஸ்கோ நகரத்தின் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஹரால்ட் ஷீஹன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் விளக்கமாக எழுதினார். பிரசவத்தில் உதிரம் போய் இறந்த பெண்களின் உடலைப் பரிசோதித்துக் கண்டுபிடித்தது. இன்றும் ஷீஹன் நோய் என்றுதான் பெயர். என் அத்தைக்கு இது வந்தபோது அந்த எழுத்துக்கு நாற்பத்திரண்டு வயது. கோவளத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

பிட்யூட்டரி செத்தால் ஒரு ஹார்மோன் போவதில்லை, ஒரு குடும்பமே போகிறது. பால் சுரக்க வைப்பது, மாதவிலக்கை நடத்துவது, தைராய்டை எழுப்புவது, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியை எழுப்பிக் கார்டிசால் சுரக்க வைப்பது, இவையெல்லாம் அதன் வேலை. கூடவே வளர்ச்சி ஹார்மோன். ஷீஹன் நோயில் தப்பாமல் போவது அநேகமாக இதுதான். ஆனால் வெகுகாலம் யாரும் அதைத் தேடவில்லை. பெயரே ஏமாற்றிவிட்டது. வளர்ச்சி என்றால் பிள்ளைகளுக்கு. வளர்ந்து முடித்த பெண்ணுக்கு அது எதற்கு?

எதற்கு என்பதற்கு இதயம் பதில் சொல்கிறது. இதயத் தசை ஒருமுறை கட்டி முடித்துவிட்ட சுவர் இல்லை. அதன் புரதம் தினமும் கொஞ்சம் கரைகிறது, தினமும் கொஞ்சம் சேர்கிறது. சேர்க்கச் சொல்லும் குரல்களில் ஒன்று வளர்ச்சி ஹார்மோன். அது கல்லீரலுக்குப் போய் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு பொருளைச் சுரக்க வைக்கிறது. இரண்டும் சேர்ந்து தசையைக் காப்பாற்றுகின்றன. அந்தக் குரல் அடங்கினால் இடது கீழறையின் சுவர் மெலிகிறது, அதன் மொத்த எடை குறைகிறது, ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு சுருங்குகிறது. உட்கார்ந்திருக்கும்போது எக்கோ எடுத்தால் பல பேருக்கு ஒன்றும் தெரியாது. நடக்கவிட்டால், படி ஏறவிட்டால் தெரியும். வேலை கூடும்போது இதயத்தால் கூடிக்கொடுக்க முடிவதில்லை. இதற்கு மேல் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது, கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுகிறது, ரத்தக் குழாயின் உள்சுவர் தடிக்கிறது. அத்தை இருநூறு அடி தூரத்தில் இரண்டு தடவை நின்றது சோம்பலால் அல்ல.

இந்த அறிவு உலகத்துக்கே மெதுவாகத்தான் வந்தது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் மாரிஸ் ராபன் என்ற மருத்துவர் இறந்த மனிதர்களின் பிட்யூட்டரியிலிருந்து வளர்ச்சி ஹார்மோனைப் பிரித்தெடுத்து, வளராத ஒரு பையனுக்கு ஊசி போட்டார். பையன் வளர்ந்தான். 1962-ல் அதே ராபன், பிட்யூட்டரி பழுதான 35 வயதுப் பெண் ஒருத்திக்கு அந்த ஊசியைப் போட்டபோது அவளுக்குத் தெம்பும் உற்சாகமும் கூடியதாகப் போகிற போக்கில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். ஒரு வயது வந்த பெண்ணின் தெம்பைப் பற்றிய அந்தக் குறிப்பை யாரும் பின்தொடரவில்லை. பின்தொடரவும் வழியில்லை. ஹார்மோன் முழுக்கப் பிணங்களிலிருந்துதான் வந்தது, பிள்ளைகளுக்கே போதவில்லை. பிறகு 1985-ல் பெரிய இடி. அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலர் வளர்ந்த பிறகு மூளை அழுகும் குரூட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோயில் இறந்தார்கள். பிண ஹார்மோனை நிறுத்தினார்கள். அதே ஆண்டிலேயே, பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவை வைத்துச் செய்த ஹார்மோனுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இனி எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம்.

அதற்குப் பிறகுதான் பெரியவர்கள் பக்கம் பார்வை திரும்பியது. 1989-ல் டென்மார்க்கிலும் லண்டனிலும் இரண்டு குழுக்கள் வளர்ச்சி ஹார்மோன் இல்லாத பெரியவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தன. தசை கூடியது, கொழுப்பு குறைந்தது. மறு வருஷம் ஸ்வீடனின் கோதன்பர்க்கிலிருந்து வந்த கணக்கு எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. 1956 முதல் 1987 வரை பிட்யூட்டரி பழுது என்று கண்டறியப்பட்ட 333 பேர். அந்த வயதுக்கும் பாலினத்துக்கும் 57 பேர் இறந்திருக்க வேண்டிய காலத்தில் 104 பேர் இறந்திருந்தார்கள். கூடுதல் சாவு பெரும்பாலும் இதயத்தாலும் ரத்தக் குழாயாலும். இவர்களுக்குக் கார்டிசோன் கொடுத்திருந்தார்கள், தைராய்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். கொடுக்காமல் விட்டது வளர்ச்சி ஹார்மோன் ஒன்றுதான். அந்த ஒன்றின் மேலேயே மொத்தப் பழியையும் போட முடியாது என்று பின்னால் வந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். கார்டிசோன் அளவு மிகுந்திருக்கலாம், தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சுக்கும் பங்கு இருக்கலாம். அது நியாயமான வாதம். ஆனாலும் வாசல் திறந்துவிட்டது. 1996-ல் அமெரிக்கா பெரியவர்களுக்கும் இந்த ஊசியை அனுமதித்தது. 2003-ல் இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள், மேசோனும் ஷான்சோனும், அதுவரை நடந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களின் இடது கீழறை கனம் கூடியிருந்தது, சுவர் தடித்திருந்தது, ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தம் கூடியிருந்தது.

அதே 2003-ல்தான் அத்தை விழுந்தாள்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சோர்வுக்காகக் காட்டியிருந்தோம். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு ஹார்மோன் குறைவு என்று வந்தது. தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் ஓயாத வாந்தி, பிரஷர் அறுபதுக்குக் கீழே, பேச்சுக் குழறல். ஏன் என்று பிறகு வேறொரு இடத்தில், நாளமில்லாச் சுரப்பிகளைப் பார்க்கும் ஒரு டாக்டர் அம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். கார்டிசால் இல்லாத உடம்பில் தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால், இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்டிசாலையும் உடம்பு வேகமாக எரித்துவிடும். முதலில் கார்டிசோன், பிறகுதான் தைராய்டு. இந்த வரிசை மாறினால் உயிர் போகும். பிரசவம் எப்போது, எவ்வளவு உதிரம் போச்சு, பால் வந்ததா என்ற மூன்று கேள்விகளைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பிரசவம் நடந்து இருபத்துநான்கு வருஷம் கழித்து.

அந்த மூன்று கேள்விகளுக்குக் காசு செலவில்லை. எந்த ஊர் நர்ஸும் கேட்கலாம். இன்னொன்றையும் அன்று கற்றுக்கொண்டேன். தைராய்டுக்கு நாம் வழக்கமாக எடுக்கும் டி.எஸ்.எச். பரிசோதனை பிட்யூட்டரியின் சத்தத்தை அளப்பது. தைராய்டு மட்டும் பழுதானவருக்கு அது ஏறிக் கிடக்கும், உடனே தெரிந்துவிடும். பிட்யூட்டரியே செத்தவருக்கு அது நார்மல் என்றே வரலாம். டி.எஸ்.எச். நார்மல், ஒன்றும் இல்லை, போங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேரோ என்று அந்த வராந்தாவில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

எக்கோ அறையில் நானும் இருந்தேன். இருட்டில் சாம்பல் நிறத் திரை. அதில் அத்தையின் இதயம் விரிந்து, அரை மனதோடு சுருங்கி, மறுபடி விரிந்தது. முழுதாகப் பிழியாத துணியைப் போல. சுற்றிலும் கொஞ்சம் நீர் கோத்திருந்தது. ஒரு துடிப்பில் கீழறை வெளியே தள்ளும் ரத்தம் 38 சதவீதம் என்று எழுதினார்கள். 55-க்கு மேல் இருக்க வேண்டிய இடம். கார்டிசோன் வகை மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் முறையாகத் தொடங்கிய ஒன்பதாவது மாதம் அதே அறையில் 52. நீர் வற்றிவிட்டது. மாத்திரை இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு டீ விலை கூட இல்லை. அந்த வருஷம் சித்திரையில் கம்பளி பரணுக்குப் போனது.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி பற்றியும் டாக்டர் அம்மா மறைக்காமல் சொன்னார். இதயத்தின் பெரும்பங்கு தளர்ச்சி மற்ற இரண்டாலும் வந்தது, அது திரும்பிவிட்டது. மாடிப்படியில் இன்னும் வாங்குகிற மூச்சு, மெலிந்த கைகால், பருத்த வயிறு இவற்றில் வளர்ச்சி ஹார்மோன் இல்லாததன் பங்கு இருக்கிறது. ஊசி போட்டால் கொஞ்சம் தேறலாம். தினமும் இரவில், வயிற்றுத் தோலில், வாழ்நாள் முழுக்க. மாதத்துக்குப் பல ஆயிரம் ரூபாய். மாமா பாடு நன்றாக இருக்கிற மாதத்தில் கூட அந்தப் பணம் கிடையாது. யாரும் பேசவில்லை. அத்தைதான், “நடக்க முடியுது, போதும்மா” என்று எழுந்தாள். போதுமா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சில கிலோமீட்டர் தெற்கே போனால் வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருளர் பாம்புபிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. வாயில் துணி கட்டிய மண்பானைகள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு. ஒருவர் பானையைச் சாய்த்து, கொக்கியால் கண்ணாடி விரியனை வெளியே எடுத்து, தலையைப் பிடித்துக் குப்பியின் விளிம்பில் பல்லை வைப்பார். மஞ்சளாக இரண்டு மூன்று சொட்டு இறங்கும். பார்க்க வந்த பிள்ளைகள் கத்தும். நான் அதை வேறு மாதிரிப் பார்த்தேன், ஏனென்றால் பிட்யூட்டரியைப் பற்றிப் படிக்கப் போன இடத்தில் இந்தப் பாம்பு குறுக்கே வந்தது.

பிரசவத்தில் இறங்காத நஞ்சு என்ன செய்ததோ, அதையே கண்ணாடி விரியனின் நஞ்சும் செய்யக்கூடும். அதன் விஷம் ரத்தத்தை உறைய வைத்து, உறையும் சக்தியைத் தீர்த்து, மெல்லிய குழாய்களை ஓட்டையாக்கிவிடும். பிட்யூட்டரிக்குப் போகும் வாய்க்கால் அதில் அடைபடலாம், அல்லது சுரப்பிக்குள்ளேயே ரத்தம் கசியலாம். 1970-களிலேயே இந்திய மருத்துவர்கள் விரியன் கடித்துப் பிழைத்தவர்களிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். 1987-ல் பர்மாவிலிருந்து விரிவான ஆய்வு வந்தது. இலங்கையிலிருந்து பின்னர் வந்தது. பாம்புக் கடியிலிருந்து தப்பியவர், சிறுநீரகம் தேறி வீட்டுக்கு வந்தவர், மாதங்களோ வருஷங்களோ கழித்து மெல்லத் தளர்கிறார். மீசை தாடி வளர மாட்டேன் என்கிறது, வெயிலில் குளிர்கிறது, வரப்பில் நடந்தால் மூச்சு வாங்குகிறது. விஷம் இன்னும் உடம்பில் இருக்கிறது என்று ஊர் சொல்கிறது. விஷம் என்றைக்கோ இறங்கிவிட்டது. சுரப்பிதான் திரும்பவில்லை. விஷமுறிவு மருந்து ரத்தத்தில் ஓடும் விஷத்தைக் கட்டும். செத்த சுரப்பியை எழுப்பாது. அதனால்தான் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோம் என்பது இவ்வளவு முக்கியம்.

இங்கே நடந்திருக்கும் மாற்றத்தை நினைத்தால் மனசு நிறைகிறது. ஒரு காலத்தில் இந்தக் கடலோரத்துச் சவுக்குத் தோப்புகளிலும் வயல் வரப்புகளிலும் இருளர்கள் பாம்பு பிடித்தது தோலுக்காக. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு முடிந்தது. பட்டினி. 1978-ல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் இந்தச் சங்கம் உருவானது. அதே பாம்பு, அதே கை. ஆனால் இப்போது பிடித்து, சுமார் மூன்று வாரம் வைத்திருந்து நான்கு முறை விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷமும் இங்கிருந்துதான் இந்தியாவின் முறிவு மருந்துக் கம்பெனிகளுக்குப் பெருமளவு போகிறது. இந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இவர்கள் பிடித்த விரியனின் விஷம் ஒரு குதிரையின் ரத்தம் வழியாக மருந்தாகி, ஏதோ ஒரு ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியில் காத்திருந்து, நேரத்தோடு ஏறினால், ஒரு பட்டாணி அளவு சுரப்பி பிழைக்கிறது. அந்தச் சுரப்பி ஓர் இதயத்தை நடத்துகிறது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வரும். கடித்துப் பிழைத்தவர் ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார் என்ற கணக்கும் வந்தால் நன்றாயிருக்கும்.

பிறக்கும்போதே இந்த ஹார்மோன் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும் கட்டளை வந்து ஒட்டும் பூட்டுக்கான மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. 1996-ல் பம்பாய்க் குடும்பம் ஒன்றில் முதலில் கண்டார்கள். 1998-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், அதே ஆண்டு இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றில், அச்சாக அதே பிழை. பிரேசிலின் இடபயானின்யா என்ற ஊரில் இதே பூட்டில் வேறொரு பிழையோடு பிறந்தவர்கள் நூறு பேருக்கு மேல். உயரம் நான்கடிக்குச் சற்று மேலோ கீழோ. ஊசி போட்டுக்கொள்ளாமல் வயதானவர்கள் பலர். இவர்களுக்குக் கொலஸ்ட்ரால் அதிகம், ஆனால் ரத்தக் குழாய் சீக்கிரம் அடைபடவில்லை, ஆயுளும் குறையவில்லை. சின்ன உடம்புக்குச் சின்ன இதயம், அளவாக வேலை செய்கிறது. சிலருக்கு ஆறு மாதம் ஊசி போட்டுப் பார்த்தபோது கழுத்துக் குழாயில் படிவு கூடியதாக 2007-ல் எழுதினார்கள். முதல் தடவை படித்தபோது குழம்பிப் போனேன். ஒன்றை அறியவே அறியாத உடம்பு வேறு, இருபத்தாறு வருஷம் அதோடு வாழ்ந்துவிட்டு ஒரே ராத்திரியில் இழந்த உடம்பு வேறு. அத்தையின் இழப்பு இரண்டாவது வகை. அதுவும் தனியாகப் போகவில்லை, மற்ற ஹார்மோன்களையும் இழுத்துக்கொண்டு போனது. அதனால்தான் இந்த ஊசியைத் தெம்பு ஊசி என்று நினைத்து, குறைபாடே இல்லாத இளைஞர்கள் உடற்பயிற்சிக் கூடங்களில் போட்டுக்கொள்கிறார்கள் என்று கேள்விப்படும்போது பயமாக இருக்கிறது. மிகுந்தாலும் இதயம் கெடும். இந்த ஹார்மோன் கட்டுக்கு மீறிச் சுரக்கிற அக்ரோமெகலி நோயில் இதயச் சுவர் தடித்து, விறைத்து, கடைசியில் தளர்ந்து போகிறது.

அன்றைய கோவளம் இன்று இல்லை. கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தது. சுனாமி வந்து போனது. 2021-ல் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது; அலைச்சறுக்கு கற்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். செங்கல்பட்டு 2019-ல் தனி மாவட்டம் ஆனது. கேளம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம். தெரியாத பெரிய மாற்றம் பிரசவ அறையில். 2001–03-ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018–20-ல் 54. வீட்டுப் பிரசவம் அநேகமாக இல்லை. இருபத்துநான்கு மணி நேரமும் நர்ஸ் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸ், பிள்ளை பிறந்த நிமிஷமே தொடையில் போடும் ஆக்ஸிடோசின் ஊசி, உதிரம் நிற்காவிட்டால் காலிலிருந்து வயிறு வரை இறுக்கிச் சுற்றும் அதிர்ச்சித் தடுப்பு உடை. இவை சாவைத் தடுத்த கணக்கு அரசாங்கத்திடம் இருக்கிறது. எத்தனை பிட்யூட்டரியைக் காப்பாற்றின, எத்தனை இதயத்தைக் காப்பாற்றின என்ற கணக்கை யாரும் எடுக்கவில்லை. காஷ்மீரில் எடுத்தார்கள். 2005-ல் வெளிவந்த அந்த ஆய்வில், பிள்ளை பெற்ற இருபது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு ஷீஹன் நோய். அவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டில்தான் பிரசவம் ஆகியிருந்தது. நம் ஊரிலும் 1990-க்கு முன்னால் வீட்டில் பெற்று, உதிரம் போய், பிழைத்த பெண்கள் இன்று அறுபது எழுபது வயதில் இருக்கிறார்கள். இதய டாக்டரிடம் மூச்சு வாங்குகிறது என்று போய் நிற்பவர்களில் அவர்களும் இருப்பார்கள்.

இப்போது பிட்யூட்டரி கெடும் வழிகள் மாறிவிட்டன. தலைக்குள் கட்டி, அதற்குச் செய்யும் அறுவை, கதிர்வீச்சு. இன்னொன்றை இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையே தருகிறது. ஹெல்மெட் இல்லாமல் ராத்திரி பைக்கில் பறந்து விழுந்த பையன்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2007-ன் கட்டுரை ஒன்று, தலையில் பலத்த அடிபட்டுப் பிழைத்தவர்களில் சுமார் நால்வரில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் ஏதாவது ஒரு குறை இருப்பதாகச் சொன்னது. எலும்பு கூடியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். வளர்ச்சி ஹார்மோன் குறையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மூன்று நான்கு ஹார்மோன்கள் ஏற்கெனவே போயிருந்து ஐ.ஜி.எஃப்-1-ம் குறைந்திருந்தால் அதுவே போதிய சாட்சி. இல்லாவிட்டால் சுரப்பியைத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனை. மருந்தும் மாறுகிறது. நாளுக்கு 0.2, 0.3 மில்லிகிராம் என்று குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுகிறார்கள். வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசிக்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி வந்துவிட்டது. கோவளத்துக்கு எப்போது வரும், என்ன விலையில் வரும்?

அத்தைக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. பழைய பிஸ்கட் டப்பாவில் மாத்திரைகள், இரண்டு எக்கோ சீட்டு, கூடவே டாக்டர் அம்மா கைப்பட எழுதிய ஒரு அட்டை: மயங்கி விழுந்தால் முதலில் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போடவும். எங்கே போனாலும் டப்பா கூடவே போகும். காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்கிக்கொள்ளத் தெரியும். இருநூறு அடி தூரத்தை இப்போது நிற்காமல் நடக்கிறாள், மெதுவாக.

2022-ல் பேத்திக்குப் பிரசவம். நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி வராந்தாவில். கதவு திறந்து நர்ஸ் வெளியே வந்ததும் மாமா, “ஆணா பொண்ணா?” என்று எழுந்தார். அத்தை அவரைக் கையால் தள்ளிவிட்டு முன்னால் போனாள்.

“நஞ்சு முழுசா எறங்கிச்சாம்மா? எவ்ளோ ரத்தம் போச்சு?”

நர்ஸ் கொஞ்சம் திகைத்து, கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். “முழுசா வந்துடுச்சும்மா. இருநூறு மில்லிதான் போயிருக்கு.”

அத்தை போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஒரு மணி நேரம் கழித்து அதே நர்ஸ் தலையை நீட்டி, அவள் கேட்பதற்கு முன்பாகவே சொன்னார்.

“பால் வந்துடுச்சு பாட்டி. குழந்தை குடிக்குது.”